கரண்ட் கணக்குப் பார்க்க மூன்று வழி: நான் கம்பியில்லாததில் நின்றது ஏன்

அக்கா இங்கிலாந்தில் நர்ஸ். ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் சாக்லேட்டுக்கு நடுவே எனக்கென்று ஏதாவது ஒரு பழைய மின்சாதனம் இருக்கும். அப்படி ஒருமுறை வந்ததுதான் எஃபெர்ஜி மின்கணக்கு செட். மெயின் வயரைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கிளாம்ப், அதோடு சேர்ந்த சின்ன டிரான்ஸ்மிட்டர், ஹாலில் வைக்க ஒரு டிஸ்ப்ளே. வந்த வழியில் டிஸ்ப்ளே நசுங்கிவிட்டது. திரையில் மை கொட்டியதுபோல ஒரு கறை, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. டிரான்ஸ்மிட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி போட்டதும் அதன் சிவப்பு லைட் மினுங்கத் தொடங்கியது. "தூக்கிப் போட்டுரு மக்கா, அடுத்த தடவ புதுசு கொண்டு வாறேன்" என்றாள். நான் போடவில்லை.

வீட்டில் கரண்ட் கணக்குப் பார்க்கும் தேவை ஏற்கெனவே இருந்தது. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். நான் தொடங்கிய காலத்தில் இருந்த கணக்குப்படி முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, இரண்டாவது நூறுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த மலிவு விலையும் சேர்ந்து போய்விடும். ஏசி ஓடும் ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் வீடு 480-க்கும் 530-க்கும் நடுவில் ஊசலாடும். ஐம்பதாவது நாளில் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால் கடைசிப் பத்து நாள் கையைச் சுருக்கலாம். மீட்டரைப் போய்ப் பார்த்தால் தெரியுமே என்பீர்கள். எவ்வளவு என்று தெரியும், எது தின்கிறது என்று தெரியாது.

வழி மூன்று. ஈபி மீட்டரின் முகப்பில் மினுங்கும் லைட்டை எண்ணுவது ஒன்று. டிபி பாக்ஸுக்குள் (வீட்டு பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) பீசெம்-004டி போன்ற மாட்யூலை வைத்து நேரடியாக அளப்பது இன்னொன்று. மூன்றாவது, கிளாம்ப் டிரான்ஸ்மிட்டர் காற்றில் விடுவதை வைஃபை உள்ள குட்டிக் கம்ப்யூட்டரான ஓர் இஎஸ்பி32 போர்டால் பிடித்துப் படிப்பது. முதலாவதை எட்டு மாதம் வைத்திருந்தேன். இரண்டாவது நாகர்கோவில் வடசேரியில் மச்சான் வீட்டில் ஓடுகிறது. மூன்றாவது ஒன்றரை வருஷமாக என் வீட்டில்.

விலையைப் பற்றிப் பேச அதிகமில்லை. போர்டும் ரேடியோ மாட்யூலும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஆனால் கிளாம்ப் செட் எனக்கு ஓசியில் வந்தது. காசு கொடுத்து வெளியூரிலிருந்து வரவழைப்பவருக்கு இந்தக் கணக்கு மாறும், அதை மறைக்கவில்லை.

லைட்டை எண்ணுவதில்தான் நானும் தொடங்கினேன். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். என் மீட்டரில் 3200. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அதை 3200-ஆல் வகுத்தால் ஒரு மினுக்குக்கு 1125 ஜூல். இரண்டு மினுக்குக்கு நடுவில் எத்தனை விநாடியோ, அதால் 1125-ஐ வகுத்தால் வாட். ஒன்றரை விநாடிக்கு ஒருமுறை மினுங்கினால் 750 வாட், அவ்வளவுதான். மீட்டரின் சீலைத் தொட வேண்டியதில்லை, வெளிச்சத்தை உணரும் ஒரு போட்டோ டிரான்சிஸ்டரைக் கறுப்பு டேப்பால் கண்ணாடி மேல் ஒட்டினால் போதும். துல்லியத்தில் இதை எதுவும் அடிக்க முடியாது, ஏனென்றால் பில் போடுவதும் இதே மீட்டர்தான்.

அப்புறம் ஏன் விட்டேன்? பராமரிப்பு. எங்கள் மீட்டர் சிட்டவுட்டின் வெளிச்சுவரில் இருக்கிறது. பக்கத்தில் பிளக் பாயின்ட் கிடையாது. அதனால் சென்சரிலிருந்து ஹாலில் இருக்கும் போர்டு வரைக்கும் 12 மீட்டர் வயர் இழுத்திருந்தேன். முதலில் காலை வெயில் சரிந்து விழுந்து பொய்க்கணக்குக் காட்டியது. டேப்பை இரண்டு சுற்று கூட்டினேன். அடுத்து ஒரு குளவி வந்து சென்சருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மண்கூடு கட்டியது. ஒரு வாரம் எங்கள் வீட்டில் கரண்டே செலவாகவில்லை என்று கிராஃப் சொல்லிக்கொண்டிருந்தது. கணக்கெடுக்க வந்தவர் மீட்டரில் தொங்கும் வயரைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். விளக்கம் சொன்னதும் சிரித்துவிட்டார், ஆனால் ஒவ்வொரு தடவையும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. என்னை வெட்டி நிறுத்தியது இடி.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு, ஜூனுக்கு முன்னால் கோடைமழை. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் சாயங்காலம் மலைப்பக்கம் இருண்டால் பிளக்கைப் பிடுங்குவது இங்கே எல்லா வீட்டிலும் பழக்கம். அந்த அக்டோபரில் இடி விழுந்தது எங்கள் வீட்டில்கூட இல்லை, இரண்டு விளை (தோப்பு) தள்ளி ஒரு தென்னையில். போர்டின் பிளக்கை முன்பே பிடுங்கியிருந்தேன். ஆனால் 12 மீட்டர் வயர் சுவரோடு சுவராகக் கிடந்ததே, அது ஏரியல் அல்லாமல் வேறென்ன? மறுநாள் யூஎஸ்பி கொடுத்தபோது போர்டில் ஒரு கருகல்கூட இல்லை. அதில் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர் சிப் மட்டும் விரல் வைக்க முடியாமல் சுட்டது.

போர்டையே மீட்டர் பக்கத்தில் வைத்து வைஃபையில் அனுப்பலாமே என்று யோசித்தேன். வைஃபை பேட்டரியைக் குடித்துவிடும்; பவர்பேங்க் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அப்போதுதான் மூலையில் கிடந்த அக்காவின் டிரான்ஸ்மிட்டர் நினைவுக்கு வந்தது. மீட்டர் பக்கத்தில் பேட்டரியில் இருந்துகொண்டு, வயரில்லாமல், கொஞ்சமே கொஞ்சம் பேசும் ஒரு கருவி. எனக்கு வேண்டியது அதேதான். அதன் பேச்சைப் புரிந்துகொள்ளும் டிஸ்ப்ளே மட்டும்தான் இல்லை.

மச்சான் வீட்டுப் பீசெம் மாட்யூலைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். வோல்டேஜ், ஆம்பியர், உண்மையான வாட், பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கியதில் உண்மையான வாட் எத்தனை பங்கு என்பது), ஹெர்ட்ஸ் எல்லாம் தரும். யூனிட் கணக்கைத் தன் நினைவிலேயே வைத்திருக்கும், போர்டு செத்து எழுந்தாலும் மொத்தம் தொலையாது. இந்த ஒரு விஷயத்தில் என் ஏற்பாடு அதன் பக்கத்தில் நிற்க முடியாது. மச்சானுக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த மாட்யூல் பேஸிலும் நியூட்ரலிலும் நேரடியாக உட்கார்ந்திருக்கிறது. பொருத்த எலக்ட்ரீஷியன் வேண்டும், கழற்ற மெயினை அணைக்க வேண்டும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் டிபி பாக்ஸ் மூடி எப்போதும் திருகி இறுக்கியே இருக்க வேண்டும். நகருக்குள் நெருக்கமான தெருவில் இருக்கும் வீடும், மணவாளக்குறிச்சிப் பக்கம் தென்னைகளுக்கு நடுவில் தனியாக நிற்கும் எங்கள் வீடும் இடிக்கு ஒன்றல்ல என்பது என் எண்ணம். நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

இனி கம்பியில்லாததற்கு வருகிறேன். இந்த டிரான்ஸ்மிட்டர் 433 மெகாஹெர்ட்ஸில், சரியாகச் சொன்னால் 433.55-ஐ ஒட்டி, 6 அல்லது 12 அல்லது 18 விநாடிக்கு ஒருமுறை எட்டு பைட் அனுப்புகிறது. பூட்டு ஒன்றும் கிடையாது. மின்வாரியங்கள் வைக்கும் ஸ்மார்ட் மீட்டர் போல் சாவி இல்லாமல் திறக்க முடியாத குறியாக்கம் இதில் இல்லை. முதலில் நண்பரிடம் கம்ப்யூட்டரில் செருகி ரேடியோ அலையைக் கேட்கும் ஓர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் இரவல் வாங்கி, ஆர்டிஎல்_433 மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். அதற்கு இந்த வடிவம் ஏற்கெனவே தெரியும். பரீட்சைக்கு முன்னால் விடைத்தாளைப் பார்த்த மாதிரி, இனி நான் எழுதும் நிரல் சரியா என்று சோதிக்க ஒரு அளவுகோல் கிடைத்தது. கம்ப்யூட்டரை நாள் முழுக்க ஓட்ட மனசில்லாததால் அதோடு நிற்கவில்லை.

சிசி1101 ரேடியோ மாட்யூலை இஎஸ்பி32-இல் இணைத்தேன். மாட்யூலுக்கு 3.3 வோல்ட்தான், 5 கொடுத்தால் அதோடு தீர்ந்தது. வாங்கும்போது 433-க்கானதா 868-க்கானதா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் பார்க்க இரட்டைப்பிள்ளைகள். மாட்யூல் கேட்டதை அப்படியே ஒரு பின்னில் ஏற்ற இறக்கமாக வெளியே விடும்படி அமைத்தேன். அந்த ஏற்றத்தின் நீளத்தை அளந்தால் போதும்: சுமார் 500 மைக்ரோ விநாடி என்றால் செய்தி தொடங்குகிறது, 64 சுமாருக்கு இருந்தால் பூஜ்யம், 136 சுமாருக்கு இருந்தால் ஒன்று. இப்படி 64 பிட், அதாவது எட்டு பைட். பழைய இஎஸ்பி8266-இல் இது எனக்கு ஒழுங்காக வரவில்லை. வைஃபை வேலை குறுக்கே வரும்போது துடிப்பு நழுவியது. இஎஸ்பி32-இல் துடிப்பின் நீளத்தைத் தானே அளந்து வைக்கும் ஆர்எம்டி என்ற பகுதி சிப்பிலேயே இருக்கிறது. பாதி வேலை அதனால் முடிந்தது.

ஒரு நாள் பிடித்த செய்தி, ஹெக்ஸில் (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறை):

09 32 71 50 54 00 03 53

இரண்டாவதும் மூன்றாவதும் டிரான்ஸ்மிட்டரின் அடையாள எண். நான்காவதான 50-இல் பேட்டரி நன்றாக இருக்கிறது, 12 விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறேன் என்ற இரண்டு செய்தியும் அடக்கம். 54 00 என்பது 21504. அடுத்த 03-ஐ 15-இலிருந்து கழித்தால் 12. இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு 4096. 21504-ஐ அதால் வகுத்தால் 5.25 ஆம்பியர். கடைசி 53, முதல் ஏழு பைட்டின் கூட்டலில் கடைசி இரண்டு இலக்கம். கூட்டல் பொருந்தாவிட்டால் அந்தச் செய்தியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். சீரியல் மானிட்டரில் இந்தக் கூட்டல் முதல்முறை பொருந்தி வந்தபோது ராத்திரி பதினொன்றரை. மோட்டாரைப் போட்டு, அணைத்து, திரும்பப் போட்டுப் பார்த்ததில் அம்மா எழுந்துவந்து "டேங்க் நிறைஞ்சு வழியுது, என்ன வேலடா இது" என்றார்.

12 விநாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 300 செய்தி. தொடக்கத்தில் 190-தான் உருப்படியாக வந்தது. மாட்யூலோடு வந்த சுருள் ஆன்டெனாவை எடுத்துவிட்டு, 17.3 சென்டிமீட்டரில் நேரான ஒற்றைக் கம்பியை, அதாவது அலைநீளத்தில் கால்பங்கை, பற்ற வைத்து ஜன்னலோரம் மாற்றினேன். 290 ஆனது.

இதன் பெரிய பலவீனம் இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். வருவது ஆம்பியர் மட்டும். வோல்டேஜும் இல்லை, பவர் ஃபேக்டரும் இல்லை. 5.25-ஐ 230-ஆல் பெருக்கினால் 1207 வாட் என்று நான் எழுதிக்கொள்கிறேன். உண்மையில் சாயங்காலம் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கும். மோட்டார் ஓடும்போது பவர் ஃபேக்டரும் ஒன்றுக்குக் கீழே. முதல் பில் சுற்றில் மீட்டர் 412 யூனிட் என்றது, என் கிராஃப் 447 என்றது. 0.92-ஆல் பெருக்கும்படி ஒரு வரி சேர்த்தேன். அடுத்த சுற்றில் மீட்டர் 388, நான் 381. ஐநூறைத் தொடுவோமா என்று பார்க்க இது போதும். ஏசி அதிகம் ஓடும் சுற்றில் இந்த 0.92 கொஞ்சம் நகரும்.

பராமரிப்பில் மூன்று பேட்டரியும் கடல்காற்றும்தான் விஷயம். கடற்கரை எங்களுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஜூன் ஜூலையில் ஜன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். முதல் வருஷம் நான் கவனிக்காமல் விட்டதில் பேட்டரி ஸ்பிரிங் பச்சை பூத்துவிட்டது. வினிகரில் துடைத்து, காயவைத்து, லேசாக வாசலின் தடவினேன். இப்போது பேட்டரி மாற்றும்போதெல்லாம் அது ஐந்து நிமிஷ வேலை. இஎஸ்பி32-ஐ ரவுட்டருக்கு வைத்த மினி யூபிஎஸ்ஸிலேயே போட்டிருக்கிறேன். இடி கேட்டால் யூபிஎஸ்ஸைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவேன், பதிவு நிற்பதில்லை. மீட்டருக்கும் போர்டுக்கும் நடுவில் இருப்பது காற்று மட்டும். இரண்டு அக்டோபர் தாண்டிவிட்டது.

மாடியில் சோலார் போட்டவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். கரண்ட் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று இந்தக் கிளாம்புக்குத் தெரியாது. மூன்று பேஸ் வீட்டில் மூன்று கிளாம்ப் வைத்து நான் பார்த்ததில்லை. புது வீடு கட்டி வயரிங் நடந்துகொண்டிருக்கிறது, டிபிக்கு முன்னால் நல்ல சர்ஜ் (திடீரென்று எகிறும் வோல்டேஜ்) பாதுகாப்பும் போடப் போகிறீர்கள் என்றால் மச்சான் வழிதான் சுளுவு.

போன வாரம் நான்காவது பைட் 50-இலிருந்து 10-க்கு மாறியது. பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்லும் பிட் விழுந்துவிட்டது. டெலிகிராமில் எனக்கு ஒரு வரி வந்தது. ஏணி போடாமல், மெயினைத் தொடாமல், சிட்டவுட்டில் நின்றபடியே மூன்று பேட்டரியையும் மாற்றினேன். இந்தத் தடவை பத்து மாதம் ஓடியிருக்கிறது. ஸ்பிரிங்கில் பச்சை இல்லை.