டோனர்: தினமும் பூசுவதா, விட்டுவிடுவதா?

முகம் கழுவியதற்கும் மாய்ஸ்சரைசர் பூசுவதற்கும் இடையில் டோனர் என்ற, தண்ணீர் போன்ற திரவத்தைப் பூசும் படி தேவையா என்ற கேள்விக்கு, டோனரை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்தால் விடை கிடைப்பதில்லை. முகத்தை எதைக் கொண்டு கழுவினோம் என்பதிலிருந்து தொடங்கினால்தான் இரு தரப்பு வாதங்களின் எடையும் தெரியவரும்.

தோலின் மேற்பரப்பு இயல்பாகவே இலேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) பெரும்பாலும் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பின் பி.எச். அளவோ 9 முதல் 10 வரை செல்லும். அத்தகைய சோப்பைக் கடின நீரில் கரைத்து முகம் கழுவினால், நீரிலுள்ள கால்சியத்துடன் சோப்பு சேர்ந்து கரையாத ஒரு படலமாகத் தோலில் தங்கிவிடும். அந்தப் படலத்தைத் துடைத்தெடுப்பதும், காரத்தன்மை ஏறிய தோலை மீண்டும் அமிலப் பக்கம் கொண்டுவருவதும் பழைய டோனர்களின் வேலையாக இருந்தன. அந்த நிலையில் டோனர் பூசியவருக்கும் பூசாதவருக்கும் வித்தியாசம் இருந்திருக்கும்.

இன்றைய மென்மையான ஃபேஸ்வாஷ்களில் பல, தோலின் அளவுக்கு நெருக்கமான பி.எச். அளவில் தயாரிக்கப்படுகின்றன; படலத்தையும் விட்டுச்செல்வதில்லை. சற்று ஏறிய பி.எச். அளவையும் ஆரோக்கியமான தோல் சில மணி நேரத்தில் தானாகவே சரிசெய்துகொள்கிறது. எனவே ‘பி.எச். சமநிலை’ என்ற காரணத்துக்காக மட்டும் டோனர் வாங்குவது, நன்றாக அலசிய பாத்திரத்தை மறுபடியும் துலக்குவதைப் போன்றதுதான். இன்னமும் சோப்பையே பயன்படுத்துகிறவருக்கு, டோனரைச் சேர்ப்பதைவிடச் சோப்பை மாற்றுவது எளிது.

டோனர் பூசிய பஞ்சில் பழுப்பாக ஏதோ ஒட்டுகிறதே, அது அழுக்கில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது சரியாகக் கழுவப்படாத சன்ஸ்கிரீனோ ஒப்பனையோதான். இரண்டாம் முறை ஃபேஸ்வாஷ் போட்டாலே போய்விடும்.

ஆல்கஹால் அல்லது விட்ச் ஹேசல் என்ற தாவரச் சாறு கலந்த, முகத்தை இறுக்கிப் பிடிக்கும் டோனர்களைப் பொறுத்தவரை, பூசாமல் இருப்பதே மேல் என்று தயக்கமின்றிச் சொல்வேன். தோல் துளைகளைத் திறந்து மூடத் தசை எதுவும் கிடையாது. அந்த இறுக்கம் சற்று நேர உணர்வு மட்டுமே. அந்தச் சற்று நேரத்துக்காக, தோலின் ஈரத்தைக் காக்கும் கொழுப்புப் பொருட்களையும் ஆல்கஹால் கரைத்தெடுக்கிறது. வறண்ட தோல்காரர்களுக்கு இதன் விளைவு எரிச்சலாகவும் செதில் உதிர்வதாகவும் விரைவிலேயே தெரியும்.

கிளிசரின், ஹயலூரானிக் அமிலம், பாந்தனால் ஆகியவை கொண்ட ஈரப்பத டோனர்கள் தீங்கற்றவை. ஆனால் அவற்றின் போட்டியாளர் மாய்ஸ்சரைசர். நீரை ஈர்க்கும் அதே கிளிசரின் பெரும்பாலான மாய்ஸ்சரைசர்களிலும் இருக்கிறது. ஈர்த்த நீர் ஆவியாகாமல் மூடிவைக்கும் டைமெத்திகோன், பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை கூடுதலாக மாய்ஸ்சரைசரில்தான் உண்டு. முகத்தைத் துடைத்து உலர்த்தாமல், ஈரம் மிச்சமிருக்கும்போதே மாய்ஸ்சரைசரைப் பூசினால் டோனரின் பங்கைத் தண்ணீரே பெருமளவு செய்துவிடும். கிரீம் பூசினாலே பிசுபிசுக்கிறது என்று ஒதுக்குகிற எண்ணெய்ப் பசைத் தோல்காரர்களுக்கு மட்டும், ஈரப்பத டோனர் ஒன்றே போதுமானதாக அமையலாம்.

உண்மையில் யோசிக்க வேண்டியது அமில டோனர்களைப் பற்றித்தான். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையக்கூடியது என்பதால், துளைக்குள் சென்று அங்கு அடைத்திருக்கும் எண்ணெயையும் இறந்த செல்களையும் தளர்த்துகிறது. ஃபேஸ்வாஷில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் ஒரு நிமிடத்துக்குள் நீரோடு போய்விட, 0.5 முதல் 2 சதவீதம் வரை அதே அமிலம் கொண்ட டோனர் முகத்திலேயே தங்கி வேலைசெய்கிறது. கரும்புள்ளிகளும் சிறு பருக்களும் உள்ளவருக்கு இந்த ஒப்பீட்டில் டோனரே முந்துகிறது. சீரம் எனப்படும் செறிவான திரவத்தோடு ஒப்பிட்டால் அந்த முன்னிலை குறைகிறது: சீரத்தைச் சொட்டு எண்ணிப் பூசலாம், டோனரில் பாதியைப் பஞ்சு உறிஞ்சிவிடும். கையால் ஒற்றிப் பூசினால் அந்த வீணடிப்பு இல்லை.

கிளைகோலிக் அமில டோனருக்கு ‘தினமும்’ என்ற சொல்லே பொருந்தாது. அது மேற்தோலை உரிப்பதோடு, வெயிலில் தோல் எளிதில் சிவந்துபோகும்படியும் செய்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் போதும். ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) பூசும் இரவில் அதைத் தவிர்க்க வேண்டும், மறுநாள் சன்ஸ்கிரீனைத் தவிர்க்கக் கூடாது. சன்ஸ்கிரீன் பூசும் பழக்கமே இல்லாதவர் இந்த வகையை வாங்காமலிருப்பது நல்லது. ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாலிசிலிக் அமிலத்தைத் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஆக, ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றும் ஒழுங்காக நடக்கிற முகத்துக்கு டோனர் கட்டாயமில்லை என்பதே என் முடிவு. குறிப்பிட்ட ஒரு குறைக்காக, குறிப்பிட்ட ஒரு மூலப்பொருளை நாடும்போது மட்டும் அது இடம்பெறலாம். இதில் ஐயமிருப்பவர்கள் முகத்தின் ஒரு பாதியில் மட்டும் டோனர் பூசி, மற்ற எல்லாவற்றையும் இரு பாதிகளிலும் அப்படியே தொடர்ந்து, நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்து ஒரே வெளிச்சத்தில் இரு கன்னங்களையும் கண்ணாடியில் பார்க்கலாம்.