காவடி நேரம் பார்த்து ஆப்பைத் தூக்குகிறார்கள், உஷார்

மொரீஷியஸில் கோவிலுக்காகப் பாட்டு ஆப் நடத்துகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருங்கள். தைப்பூசக் கொடியேற்றம் நெருங்கும் நேரத்தில், பதிப்புரிமைப் புகார் என்று சொல்லி எங்கள் ஆப்பை ஸ்டோரிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அதில் இருந்தது திருப்புகழ், கந்தர் அனுபூதி, கொஞ்சம் தேவாரம். குவாத்ர் போர்ன் ஊரில் எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து ஓடாது. அதனால் ஒவ்வொரு வரிக்கும் கீழே பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் போட்டிருந்தோம். 'மு'வுக்கே மூன்று எழுத்து (mou) வேண்டும். அந்த வேலை முழுக்க எங்கள் குழு செய்தது. பாடியவர்கள் எங்கள் கோவில் பஜனைக்காரர்கள், எல்லோரிடமும் சம்மதம் எழுதி வாங்கியிருக்கிறோம். அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் பாட்டுக்கு இன்றைக்கு யார் சொந்தம் கொண்டாட முடியும்? (புதிதாகப் பாடிய ஒலிப்பதிவுக்கு உரிமை உண்டு, அது வேறு கதை.)

புகாரில் இருந்தது ஒரே வரி: 'ஆப்பில் உள்ள பாடல்கள் எங்களுடையவை.' எந்தப் பாடல், எந்த ஃபைல், ஒன்றும் கிடையாது. கொடுத்தவர் இதே மாதிரி பாட்டு ஆப் விற்கிற ஆள். பின்னாலேயே அவரிடமிருந்து ஒரு மெயில். வருடா வருடம் 'லைசென்ஸ்' பணம் கட்டினால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறாராம்!

இந்தப் புகார்கள் 1998இல் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்கச் சட்டத்தின்படி நடப்பவை. புகார் வந்ததும் சட்டென்று எடுத்துவிட்டால் ஸ்டோருக்கு நஷ்டஈட்டுத் தொல்லை இல்லை. அப்புறம் அவர்கள் ஏன் விசாரிக்கப் போகிறார்கள்? நாம் எதிர் அறிவிப்பு (புகார் தவறு என்று ஸ்டோருக்கு எழுதும் பதில்) கொடுக்கலாம். கொடுத்தாலும், புகார்க்காரர் வழக்குப் போடாவிட்டால்தான் திரும்பப் போடுவார்கள், அதுவும் 10 முதல் 14 வேலை நாட்கள் கழித்து. காவடி விரதமே 10 நாள்தான். புகார் பொய்யாகவே இருக்கட்டும், சீசன் போச்சு. நேரம் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

எதிர் அறிவிப்பில் நம் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் கேட்பார்கள். நகல் அந்தப் புகார்க்காரருக்கே போகும். அமெரிக்க நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்றும் எழுதித்தர வேண்டும். 'தவறாக எடுத்துவிட்டார்கள்' என்று நாம் சொல்வது சத்தியப் பிரமாணம் மாதிரி, பொய் என்றால் தண்டனை. புகார்க்காரருக்கோ 'உரிமையாளர் சார்பில் பேச எனக்கு அதிகாரம் உண்டு' என்ற பகுதிக்கு மட்டும்தான் அந்தப் பயம். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தவரிடம் நஷ்டஈடு கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2023இல் கூகுளே அப்படிச் சிலர்மேல் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டது. கூகுளால் முடியும், கோவில் உண்டியலால் முடியுமா?

ஆனாலும் பணம் கட்டாதீர்கள், கட்டினால் அடுத்த வருடமும் வருவார். பேசாமலும் இருக்காதீர்கள், புகார்கள் சேர்ந்தால் ஸ்டோரில் உங்கள் கணக்கையே மூடிவிடுவார்கள். எந்தப் பழைய பதிப்பைப் பார்த்து டைப் செய்தீர்கள், யார் பாடினார்கள் என்பதைத் தேதியோடு இப்போதே எடுத்து வையுங்கள். ஸ்டோர் கணக்கு குழுவின் பெயரிலும் விலாசத்திலும் இருக்கட்டும்; வீட்டு விலாசம் கொடுக்க வேண்டி வராது.

எங்கள் ஆப் காவடி முடிந்த பிறகு திரும்பி வந்தது. வழக்கு எதுவும் வரவில்லை. அந்த ஆளின் ஆப் இன்னும் விற்பனையில் இருக்கிறது. உங்களுக்கும் அதே 'லைசென்ஸ்' மெயில் வந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள், எல்லாவற்றையும் சேர்த்து ஸ்டோருக்கு எழுதுவோம்.