இடக்கை ரிலீவர்: வேகக்காரனா, ஸ்லைடர்காரனா?

நியூயார்க்கில் கோடைக்காலத்துச் சாயங்காலம் ஏழு மணி ஆட்டம் என்றால் காரைக்குடியில் விடிகாலை நாலரை. அந்நேரத்துக்கு எழுந்து பேஸ்பால் பார்க்கிற எங்கள் நாலு பேருக்குள் ஓயாத சண்டை இது: ஆட்டத்தின் நடுவில் முதல் பந்துவீச்சாளருக்குப் பதிலாக வருகிற இடக்கை ரிலீவர் யாராக இருக்க வேண்டும், மணிக்கு 98 மைலில் எறிந்தும் குறி தவறுகிறவனா, 90 மைலில் கையைத் தாழ்த்தி ஸ்லைடர் (பக்கவாட்டில் வளைந்து ஓடும் பந்து) போடுகிறவனா?

ஸ்லைடர்காரனின் பந்து இடக்கை பேட்டருக்கு முதுகுப் பக்கமிருந்து கிளம்பி வெளியே ஓடும், ஆள் திணறிவிடுவார். முன்பு அந்த ஒருவரை அவுட்டாக்கிவிட்டுப் போய் உட்காரலாம். 2020இல் எம்எல்பி (அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்), ரிலீவர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்கு எறிய வேண்டும், இல்லையென்றால் அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்றதும் அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. அடுத்து வருகிற வலக்கை பேட்டருக்கு அதே ஸ்லைடர் உள்ளே வரும், வெளுத்து வாங்கிவிடுவார்.

வேகக்காரன் நாலு பந்தைக் குறி தவறி வெளியே போட்டால் பேட்டர் சும்மா முதல் பேஸுக்கு நடப்பார். 2010இல் 105.8 மைல் எறிந்த இடக்கை ரிலீவர் அரோல்டிஸ் சாப்மனுக்கே அந்தத் தொல்லை உண்டு. இருந்தாலும் என் ஓட்டு வேகக்காரனுக்குத்தான். வலக்கை பேட்டரை ஏமாற்ற ஸ்லைடர்காரன் நல்ல சேஞ்சப் (வேகப்பந்து போலக் கிளம்பி மெதுவாக வரும் பந்து) ஒன்று கற்றுக்கொண்டால், சரி, அப்புறம் பேசலாம்.