ஆற்றங்கரையில் நான்கு ஆண்டுகள்: எங்கள் கேரவன் அனுபவம்

நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்ற மூன்றாம் மாதத்தில் வாங்கிய கேரவன் எங்களிடம் வந்து இப்போது நான்கு ஆண்டுகள் நிறைவடைகின்றன. தானே ஓடும் வகை அன்று; காரின் பின்புறக் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும், ஒற்றை அச்சும் இரண்டு சக்கரங்களும் கொண்ட சிறிய வகை. இன்னொருவர் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பின் எங்கள் கைக்கு வந்தது. ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் நான்கு வாரங்கள் வரை, ஒரே ஆற்றின் கரையையே நாங்கள் தொடர்ந்து செல்கிறோம். மேலே பாறைகளுக்கிடையில் அது சலசலக்கும் பகுதியில் தொடங்கி, கழிமுகத்துக்குச் சற்று முன்பாக உப்புநீர் கலக்கும் இடத்தில் முடித்துக்கொள்வோம். வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் இழுவைத் திறனையும் எரிபொருள் செலவையும் பற்றியே எழுதியிருப்பேன். இன்று எங்கள் பயணக் குறிப்பேட்டைப் புரட்டினால், ஒரு நாள் ஓடியதற்கு ஐந்து நாள் நின்றிருக்கிறோம் என்று தெரிகிறது. ஆகவே தூண்டில் போடப் போகிற எங்களைப் போன்ற வயதினர் ஒரு கேரவனைப் பார்க்கும்போது, அது எப்படி ஓடும் என்று கேட்பதற்கு முன்பே எப்படி நிற்கும் என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அளவைப் பற்றி எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. இரட்டை அச்சு கொண்ட பெரிய வண்டியொன்றில் தனிக் குளியலறையும் விசாலமான சமையல் மேடையும் இருந்தன. என் கணவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நான் சிறியதையே வலியுறுத்தினேன். ஆற்றுக்கு இறங்கும் பாதைகள் பெரும்பாலும் குறுகியவை, முடிவில் திரும்புவதற்கு இடம் இல்லாதவை; அங்கே போய்ச் சேர்வதைவிடப் பின்னோக்கி வெளியே வருவதே கடினமான வேலை. கேரவனைப் பின்னோக்கித் தள்ளும்போது ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினால் வண்டியின் வால் இடப்புறம் போகும். இது கைக்குப் பழகுவதற்கு எங்களுக்கு ஒரு முழுப் பயணம் தேவைப்பட்டது. ஓய்வுக்காகவே கட்டப்பட்ட முதல் கேரவன்களில் ஒன்று, கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வு பெற்ற கடற்படை மருத்துவருக்காக 1885இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் செய்யப்பட்டது. அதை இரண்டு குதிரைகள் இழுத்தன. மேட்டில் ஏறும்போது அந்தக் குதிரைகள் பட்டிருக்கக்கூடிய பாட்டை நினைக்கும்போதெல்லாம், எடையைக் குறைப்பதே முதல் அறிவு என்ற எண்ணம் எனக்கு வலுப்படுகிறது.

எடையின் அளவைப் போலவே அது வண்டியில் எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். இதை நாங்கள் அச்சத்தோடுதான் கற்றோம். இரண்டாவது பயணத்தில், தூண்டில் பெட்டி, ரப்பர் காலணிகள், மடக்கு நாற்காலிகள், நிரம்பிய தண்ணீர்க் குடுவைகள் அனைத்தையும் கேரவனின் பின்பக்கப் பெட்டியில் வைத்திருந்தோம். ஓர் இறக்கத்தில் பெரிய லாரி ஒன்று எங்களைக் கடந்தபோது கேரவன் பின்னால் வாலாட்டத் தொடங்கியது. காரின் பின்பகுதியையும் சேர்த்து ஆட்டியது. என் கணவர் பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்தார். சில நொடிகளில் ஆட்டம் அடங்கியது. கொக்கியின் மேல் இறங்கும் முன்பாரம் போதாவிட்டால் இந்த ஆட்டம் எளிதில் தொடங்கிவிடும். கேரவனின் மொத்த எடையில் ஐரோப்பிய வழக்கப்படி ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் வரையும், அமெரிக்க வழக்கப்படி 10 முதல் 15 சதவீதம் வரையும் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பார்கள். காருக்கும் கொக்கிக்கும் உரிய உச்சவரம்பையும் மீறக் கூடாது. அன்று முதல் கனமான பொருட்களை அச்சுக்கு நேர்மேலே, தரைமட்டத்தில் வைக்கிறோம். புறப்படும் முன் முன்பாரத்தை அதற்கான சிறு தராசில் நிறுத்துப் பார்க்கிறோம். தண்ணீர்த் தொட்டியைக் காலியாகவே கொண்டுசென்று, இறுதி நிறுத்தத்துக்கு அருகில் நிரப்புகிறோம், ஏனெனில் 80 லிட்டர் தண்ணீர் என்பது 80 கிலோ பாரம், அதுவும் அலைபாயும் பாரம்.

விற்பனைக்கூடத்தில் யாரும் எங்களிடம் முழங்கால்களைப் பற்றிக் கேட்கவில்லை. வாங்கியபோது உள்ளே இருந்தது மூலையோடு ஒட்டிய இரட்டைப் படுக்கை. சுவரோரம் படுத்தவர் இரவில் எழ வேண்டுமானால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். ஒரு பயணம் முழுவதும் இருவருக்கும் தூக்கம் கெட்டது. பிறகு இருபுறமும் தனித்தனி நீள்படுக்கைகளாக மாற்றி, நடுவில் நடைவழி விட்டோம். நான்கு ஆண்டுகளில் நாங்கள் செய்த மிகச் சிறந்த மாற்றம் அதுதான். வாசலில் இருந்த ஒற்றைப் படியின் உயரம் காலையில் விறைத்திருக்கும் கால்களுக்குப் பொருந்தவில்லை. கைப்பிடியுடன் கூடிய இரட்டைப் படியை வாங்கி வைத்தோம். நான்கு மூலைகளிலும் உள்ள தாங்குகால்களைக் குனிந்து கையால் சுழற்றி இறக்குவதற்குப் பதிலாக, மின்கலத்தில் இயங்கும் கைத் துளைக்கருவியின் முனையில் ஒரு சாக்கெட்டைப் பொருத்திச் சுழற்றுகிறோம். சக்கரங்களைச் சுழற்றும் சிறு மின்மோட்டாரும் உண்டு. காரைக் கழற்றிய பின் ரிமோட்டை அழுத்திக் கேரவனை அங்குலம் அங்குலமாக நகர்த்தலாம். அதன் எடை வண்டியின் சுமக்கும் திறனிலிருந்து கழியும் என்பது உண்மைதான். ஆனாலும் அறுபதைக் கடந்தவர்கள் ஈரப் புல்லில் ஒரு கேரவனைக் கையால் தள்ளக் கூடாது.

மட்டம் பார்ப்பதை முதலில் நாங்கள் பெரிதாக எண்ணவில்லை. எங்கள் குளிர்பெட்டி எரிவாயுவிலும் இயங்கக்கூடிய, அமோனியாவையும் நீரையும் கொண்டு குளிரூட்டும் வகை. அதற்குள் திரவம் தன் எடையாலேயே கீழிறங்கி ஓட வேண்டும் என்பதால் வண்டி சாய்ந்து நின்றால் குளிர்ச்சி குறையும். ஆற்றங்கரை நிலம் இயல்பாகவே ஆற்றை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு முறை பிடித்த மீன் இரவோடு இரவாகக் கெட்டுப்போன பிறகுதான் சக்கரத்துக்கடியில் ஆப்புக்கட்டை வைத்து மட்டம் பார்க்கும் ஒழுங்கு எங்களுக்கு வந்தது. கம்ப்ரஸர் வகைக் குளிர்பெட்டிக்குச் சாய்வு இந்த அளவுக்குத் தடையாகாது. ஆனால் அது பேட்டரியை நம்பி இருக்கும்.

பேட்டரி விஷயத்தில் ஆற்றங்கரைக்கே உரிய ஒரு முரண் உண்டு. வெயில் காலத்தில் எல்லோரும் நாடுவது நிழல். கூரையில் பதித்த சூரியத் தகடு நாடுவது வெயில். ஒரு கிளையின் நிழல் தகட்டின் ஓரத்தில் விழுந்தால்கூட மின்சாரம் அந்த நிழலின் அளவுக்குப் பொருந்தாத விகிதத்தில் சரிகிறது. முதல் ஆண்டில் நிழலில் நின்று, மூன்றாம் இரவில் விளக்கு மங்க உட்கார்ந்திருந்தோம். இப்போது கூரைத் தகட்டோடு மடக்கக்கூடிய தகடு ஒன்றையும் வைத்திருக்கிறோம். பத்து மீட்டர் கம்பியின் முனையில் அதை வெயிலில் நிறுத்திவிட்டு நாங்கள் நிழலில் இருந்துகொள்கிறோம். ஈய–அமில பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் செலவழிக்கக் கூடாது. அதாவது 100 ஆம்பியர்–மணி என்று எழுதியிருந்தாலும் கையில் இருப்பது 50தான். இரண்டாம் ஆண்டின் இறுதியில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு மாறினோம். பெரும்பகுதியைச் செலவழிக்கலாம், எடை பாதிக்கும் குறைவு. உறைநிலைக்குக் கீழே அதை மின்னேற்றம் செய்யக் கூடாது என்ற ஒரே கட்டுப்பாட்டைக் குளிர்காலப் பயணம் போகிறவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

எரிவாயுவைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. அது காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையில் தேங்கும். அது வெளியேறுவதற்காகவே தரையில் துளைகள் விடப்பட்டிருக்கின்றன. குளிர் வருகிறது, பூச்சி வருகிறது என்று அவற்றை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். எரிவாயு சரியாக எரியாதபோது உண்டாகும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடைக் கண்டறியும் எச்சரிப்பானையும் தவறாமல் வையுங்கள்.

ஈரம்தான் இந்த வண்டியின் உண்மையான எதிரி. ஆற்று மூடுபனி, நனைந்த உடைகள், இருவரின் மூச்சு, சமையல் ஆவி எல்லாம் சேர்ந்து விடியலில் கண்ணாடிகளில் நீராக வழியும். கூரைத் திறப்பைச் சற்றே திறந்து வைத்துத் தூங்குவது இதற்குப் பேருதவி. இதைவிட ஆபத்தானது மூட்டுகளின் வழியே கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள் இறங்கும் மழைநீர். மூன்றாம் ஆண்டில், முன்பக்க ஜன்னலுக்குக் கீழே சுவர் சற்று மெத்தென்றிருப்பதை என் கணவர் விரலால் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தார். ஈரமானியில் பார்த்தபோது மற்ற இடங்களில் 15 சதவீதத்துக்குக் கீழே இருந்த அளவு அங்கே 24 காட்டியது. அதற்கு ஆறு மாதங்கள் முன்புதான் ஒரு பணிமனையில் முழுப் பராமரிப்பும் செய்து, மூட்டுகள் சரியாக உள்ளன என்று எழுதியும் வாங்கியிருந்தோம். அன்று முதல் ஒவ்வொரு பயணத்துக்கும் பின் நாங்களே எல்லா மூட்டுகளையும் பார்க்கிறோம்.

இவ்வளவு பாடும் எதற்காக என்றால், விடியலுக்காக. சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டி வந்து ஆற்றில் இறங்கிய நாட்களில், நாங்கள் தூண்டில் கோலை விரிக்கும்போதே வெளிச்சம் வந்து மீன்கள் ஆழத்துக்குப் போயிருக்கும். கேரவனிலிருந்து கரைக்கு ஐம்பது அடி. இருள் பிரியும் முன்பே எழுந்து, தேநீர்க் குவளையோடு இறங்கி, தக்கை மங்கலாகத் தெரியத் தொடங்கும் நேரத்தில் தூண்டில் நூலை வீசிவிடலாம். அதைவிடப் பெரிய பயன், ஒரே இடத்தில் ஐந்து நாள் இருப்பதால் அந்த ஆற்றின் அந்தத் துண்டை நன்றாக அறிந்துகொள்வது. வளைவின் வெளிப்புறத்தை நீர் அரித்து ஆழமாக்கியிருக்கும். உட்புறத்தில் மணல் மேடிட்டிருக்கும். பாறைக்குப் பின்னால் நீர் சுழலும் இடத்தில் மீன் குறைந்த உழைப்பில் நின்றபடி, பக்கத்து ஓட்டம் கொண்டுவரும் இரைக்குக் காத்திருக்கும். நன்னீரில் 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்ஸிஜன் கரைந்திருக்க முடியும். 25 டிகிரியில் அது 8 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே கொதிக்கும் பிற்பகலில் தேங்கிய மடுவில் தூண்டில் போடுவதைவிட, கற்களின் மேல் நுரைத்துப் பாயும் இடத்தின் கீழ்முனையில் போடுவது நல்லது. குறிப்பேட்டில் இதையெல்லாம் எழுதுவது நான். மீன் அதிகம் பிடிப்பது அவர்.

உண்ணத் தேவையானதற்கு மேல் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. நுனியில் பின்னோக்கிய கூர் இல்லாத தூண்டில் முள்ளைப் பயன்படுத்துகிறோம். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்கிறோம், ஏனெனில் உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பான காப்புப் படலத்தை உரித்துவிடும். தூண்டில் நூலை நீரில் அமிழ்த்தும் ஈயக் குண்டுகளை முற்றிலும் கைவிட்டோம். அறுந்து விழுந்த ஈயத்தை விழுங்கி அன்னங்கள் மடிந்ததால்தான் பிரிட்டனில் 1987இல் சிறிய ஈயக் குண்டுகளின் விற்பனைக்குத் தடை வந்தது. டங்ஸ்டன் குண்டு விலை கூடியது என்றாலும் சிறிய உருவில் அதே எடையைத் தருகிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகும் முன் காலணி, வலை, கோல் அனைத்தையும் கழுவி முழுதும் உலர்த்துகிறோம். ஈரத்தோடு போகும் ஒரு வலை போதும், ஒரு நீர்நிலையின் களைச்செடியையும் சிப்பிக் குஞ்சையும் இன்னொன்றில் விதைத்துவிட. கழிப்பறைப் பெட்டி எங்கள் இருவருக்கு மூன்று நாட்களில் நிரம்புகிறது. அதற்கென அமைந்த இடத்தில் மட்டுமே கொட்டுகிறோம். பாத்திரம் கழுவிய நீரைக்கூட ஆற்றிலிருந்து அறுபது மீட்டருக்கு அப்பால்தான் ஊற்றுகிறோம்.

நிற்கும் இடத்தைத் தேர்வதில் எங்களுக்கு ஒரு விதி உண்டு: முதலில் மரக்கிளைகளைப் பார்ப்போம். கிளைகளுக்கிடையே காய்ந்த புல்லும் சருகும் சிக்கியிருந்தால், வெள்ளம் அந்த உயரம் வரை வந்திருக்கிறது என்று பொருள். அதற்கு மேலேதான் வண்டியை நிறுத்துவோம். மேலே அணை இருக்கும் ஆற்றில் வானம் தெளிவாக இருக்கும்போதே நீர் ஏறும். ஒரு மாலையில், கரையோரம் நட்டிருந்த குச்சியின் அடியை அரை மணி நேரத்தில் நீர் தொட்டதைப் பார்த்து, சாப்பாட்டைப் பாதியில் விட்டு மேட்டுக்கு ஏறினோம். அந்தக் குச்சியை இப்போதும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதல் வேலையாக நடுகிறோம்.

குறைகளில் எனக்கு ஆறாத ஒன்று வாசல். நாங்கள் செல்லும் கரையில், பாதையின் அமைப்பு காரணமாக, பெரும்பாலான இடங்களில் வாசல் ஆற்றுக்கு முதுகு காட்டியே திறக்கிறது. வெயில் மறைப்பும் அந்தப் பக்கமே விரிகிறது. வாங்கும் முன், நீங்கள் நிற்கப்போகும் கரையை மனத்தில் வைத்து, வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து திறக்கும் ஈரப்பொருள் பெட்டி ஒன்று இருந்திருந்தால் உள்ளே மீன் வாடை ஏறியிருக்காது. இவை தவிர, இதே அளவில், தனித்தனிப் படுக்கைகளோடு மீண்டும் வாங்குவேனா என்று கேட்டால் தயங்காமல் வாங்குவேன். இப்போதைக்குச் செலவு டயர்களுக்கு. பட்டைகள் தேயாமல் புதியவை போலவே தெரிகின்றன. ஆனால் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கம் 2319, அதாவது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நின்று நின்றே முதுமை அடைந்த அந்த இரண்டையும் அடுத்த பயணத்துக்கு முன் மாற்றிவிடுவதாக இருக்கிறோம்.