பஞ்சிகாவத்தையில் வாங்கிய 3எல் எஞ்சின்

பழைய டொயோட்டா ஹைலக்ஸில் இருந்த 2எல் எஞ்சினின் (2எல், 3எல் என்பவை மாடல் பெயர்கள், லீட்டர் அல்ல) சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழுந்துவிட்டது. கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் ஜப்பானிலிருந்து வந்த 3எல் டீசல் எஞ்சின் வாங்கி, தெஹிவளை வீட்டு முற்றத்திலேயே நானும் மச்சானும் செயின் பிளாக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) கட்டி இறக்கினோம்.

கடையில் பிடித்த விஷயம், கேட்டதும் பேட்டரி கொடுத்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள். முதலில் பிளாக்கைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்தே இருந்தது. முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சினில் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது. ஓடும்போதே ஒயில் மூடியைக் கழற்றச் சொன்னேன். மெல்லிய ஆவிதான், குபுகுபுவென்று புகை தள்ளவில்லை. தள்ளினால் உள்ளே தேய்ந்த எஞ்சின். அப்புறம்தான் விலையே பேசினேன்.

2446 சிசி போய் 2779 சிசி. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் பழைய கியர்பெட்டி அப்படியே பொருந்தியது. டைமிங் பெல்ட்டை மட்டும் ஏற்றுமுன் புதிதாகப் போடுங்கள். அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிக்கும். கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் சுமையோடு இப்போது திணறுவதில்லை, மனசுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரே குறை, பில்லில் எஞ்சின் நம்பர் எழுத அவர்களுக்கு மனமில்லை. மல்லுக்கட்டித்தான் எழுதவைத்தேன். வாகனப் பதிவில் நம்பரை மாற்ற அது கட்டாயம் வேண்டும், எழுதித் தராமல் காசை நீட்டாதீர்கள்.