மனிதக் கண்ணா, ஆக்டோபஸ் கண்ணா?

இரண்டிலும் முன்னால் வில்லை, பின்னால் விழித்திரை. ஆனால் பரிணாமத்தில் தனித்தனியாக உருவானவை. வித்தியாசம் வயரிங்கில்தான்.

நம் கண்ணில் நரம்பிழைகள் ஒளியுணரும் செல்களுக்கு முன்னால் ஓடுகின்றன. அவை ஒன்றுசேர்ந்து மூளைக்குக் கிளம்பும் இடத்தில் ஒளியுணரும் செல் ஒன்றுகூடக் கிடையாது. அதுதான் குருட்டுப் புள்ளி. இப்போதே சோதிக்கலாம்: கைகளை நீட்டி இரு கட்டைவிரல்களையும் ஒட்டி நிமிர்த்துங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் இடது விரலையே பாருங்கள். வலது விரலை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினால், ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் அதன் நகம் சட்டென மறையும்! அந்த ஓட்டையைச் சுற்றியுள்ள காட்சியை வைத்தே மூளை ஒட்டுப்போட்டுவிடுகிறது. எத்தனை முறை செய்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆக்டோபஸுக்கு இந்தச் சிக்கலே இல்லை. நரம்புகள் விழித்திரையின் பின்பக்கமாகவே வெளியேறுகின்றன. குவிப்பதற்கு நாம் வில்லையின் வடிவத்தை மாற்றுகிறோம். அதுவோ கேமரா போல வில்லையையே முன்னும் பின்னும் நகர்த்துகிறது.

நிறத்தில் நாம் முன்னே: நமக்கு 3 வகைக் கூம்பு செல்கள், பெரும்பாலான ஆக்டோபஸ்களுக்கு ஒரே வகை ஒளியுணர் செல்தான். ஆனாலும் அமைப்பின் நேர்த்திக்கு என் ஓட்டு ஆக்டோபஸுக்கே.