குல்லினன், ஹோப், ஜுயினாவின் பழுப்புக் கல்: ஆழத்து வைரங்களில் எது பெரிய ஆள்?

நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் வைரங்களில் பெரும்பாலானவை 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில் விளைந்தவை. பழங்காலக் கண்டங்களின் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்துவிட்டு, கிம்பர்லைட் என்ற எரிமலைக் குழம்போடு மேலே வந்தவை. நிலக்கரி அழுந்தி அழுந்தி வைரமாகிறது என்ற கதையை மறந்துவிடுங்கள். பல வைரங்களின் வயது, நிலத்தில் முதல் செடி முளைத்த காலத்துக்கும் முந்தையது.

மொத்த வைரங்களில் ஒரு சிறு கூட்டம் மட்டும் 300 கிலோமீட்டருக்கும் கீழே பிறந்தது. அந்தக் கூட்டத்திலிருந்து மூன்று கற்களை எடுத்துக்கொள்கிறேன். உருவத்தில் பெரியது குல்லினன். நீல நிறத்துக்குப் பெயர் போனது ஹோப். மூன்றாவது, தெருவில் கிடந்தால் குனிந்து எடுக்கத் தோன்றாத ஒரு பழுப்புக் கல்.

குல்லினன் 1905இல் தென்னாப்பிரிக்காவின் பிரீமியர் சுரங்கத்தில் கிடைத்தது. 3,106 கேரட், அதாவது அறுநூறு கிராமுக்கு மேல். அதை வெட்டிப் பட்டை தீட்டிய கற்களில் பெரியவை இரண்டும் பிரிட்டிஷ் அரச செங்கோலிலும் மகுடத்திலும் இருக்கின்றன. இந்த ரகக் கற்களுக்கு ஒரு சாடை உண்டு: பெரிதாக இருக்கும், நைட்ரஜன் கலப்பு அநேகமாக இருக்காது, உள்ளே தோஷம் குறைவு, வெளி உருவம் மட்டும் கரைந்து தேய்ந்ததுபோல் கோணல்மாணலாக இருக்கும். லெசோத்தோ நாட்டின் லெட்செங் சுரங்கம் இவற்றுக்குப் பேர்போனது.

தோஷம் இல்லாததுதான் விஞ்ஞானிகளுக்குச் சிக்கல். வைரம் எங்கே பிறந்தது என்று சொல்வது அதற்குள் சிக்கிக்கொண்ட தாதுத் துணுக்குதான். சுத்தமான கல்லில் துணுக்குக்கு எங்கே போவது? கோடிகள் பெறும் கல்லை ஆய்வுக்கு உடைக்கத் தருவதற்கும் ஆள் இல்லை. கடைசியில் வழிவிட்டது தரச்சான்றுக் கூடம். அமெரிக்க ரத்தினவியல் நிறுவனத்தில் இவான் ஸ்மித்தும் குழுவினரும் இந்த ரகத்தைச் சேர்ந்த 53 வைரங்களை ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பட்டை தீட்டும்போது கழித்த துண்டுகளும் அதில் அடக்கம். உள்ளே தெரிந்த கரும்புள்ளிகள் வெறும் கரி அல்ல. இரும்பும் நிக்கலும் கரிமமும் கந்தகமும் உருகிக் கலந்து, பிறகு உறைந்துபோன உலோகத் துளிகள். அவற்றைச் சுற்றி மெல்லிய படலமாக மீத்தேனும் ஹைட்ரஜனும் இருந்தன. கூடவே கிடைத்த கார்னெட் தாது 360 முதல் 750 கிலோமீட்டர் வரையிலான ஆழத்தைக் காட்டியது.

சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டுக் கற்கண்டு விளைவிக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான் அங்கே நடக்கிறது. உருகிய உலோகத்தில் கரைந்திருக்கும் கரிமம் மெல்ல மெல்லப் படிகமாகத் திரள்கிறது. தொழிற்கூடத்தில் மிகை அழுத்த முறையில் செயற்கை வைரம் விளைவிப்பவர்களும் இரும்பு, நிக்கல், கோபால்ட் உருகலைத்தான் பயன்படுத்துகிறார்கள். மனிதன் 1950களில் கண்டுபிடித்த உத்தியைப் பூமி எப்போதோ கையில் வைத்திருந்தது.

ஹோப் வேறு வகை. கிருஷ்ணா நதிக்கரையின் கோல்கொண்டா வட்டாரச் சுரங்கத்திலிருந்து, பெரும்பாலும் கொல்லூரிலிருந்து, வந்ததாகக் கருதப்படுகிறது. தவெர்னியே என்ற பிரெஞ்சு வணிகர் வாங்கிச் சென்று 1668இல் பதினான்காம் லூயிக்கு விற்றார். கை மாறிக் கை மாறி இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 45.52 கேரட்டாக நிற்கிறது. சாபக் கதைகளை ஓரம் வையுங்கள். கல்லின் சங்கதியே போதும். நீலம் வருவது போரானால், அதுவும் பத்து லட்சம் கரிம அணுக்களுக்கு ஒன்றிரண்டு என்ற அளவிலான போரானால். அந்தத் துளிப் போரான் சிவப்பொளியை விழுங்குகிறது, வைரத்தை மின்கடத்தியாகவும் ஆக்குகிறது. புறஊதா ஒளியைக் காட்டிவிட்டு விளக்கை அணைத்தால் ஹோப் சில நொடிகள் கங்குபோலச் சிவந்து ஒளிரும்.

நம் ஊர் 'ப்ளூ ஜாகர்' தோட்டை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்துப் பெயரைத் தாங்கிய அந்தக் கற்களில் தெரியும் நீலச்சாயை, வெயிலின் புறஊதாக் கதிர் பட்டு எழும் ஒளிர்வு. அதற்கும் போரானுக்கும் சம்பந்தமில்லை.

போரானில் ஒரு முரண் உண்டு. அது பூமியின் மேலோட்டிலும் கடல்நீரிலும் தங்கும் பொருள்; ஆழத்தில் மிக அரிது. பிறகு எப்படி அடியில் பிறந்த வைரத்துக்குள் போனது? அதே ஸ்மித் குழு 46 நீல வைரங்களை லேசரால் துழாவிப் பார்த்து 2018இல் பதில் சொன்னது. கல்லைத் தொடாமல் உள்ளிருக்கும் தாதுவை அடையாளம் காட்டியது ராமன் ஒளிச்சிதறல், அதாவது பட்டுச் சிதறும் லேசர் ஒளியில் ஏற்படும் நிறமாற்றம். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் வைரப் பித்துப் பிடித்தவர் என்பதால் இதைக் குறிப்பிடாமல் தாண்ட மனம் வரவில்லை. மேலோட்டுக்கும் நடுக்கருவுக்கும் இடையிலுள்ள பாறை அடுக்குக்கு மூடகம் என்று பெயர். தாதுக்கள் காட்டிய இடம் கீழ் மூடகம், அதாவது 660 கிலோமீட்டருக்கும் கீழே. கடலடிப் பாறை கடல்நீரை உறிஞ்சி, போரானையும் சேர்த்துக்கொண்டு, மேலோட்டின் நகரும் தட்டோடு சரிந்து அவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பது அவர்களின் விளக்கம்.

இதுவரை பார்த்தால், ஒன்றுக்கு உருகிய உலோகம், மற்றதற்குக் கடல் என்று இரண்டும் இரு துருவம். 2021இல் லெட்செங் வைரங்களின் உலோகத் துளிகளில் இரும்பின் ஐசோடோப்பு விகிதத்தை, அதாவது கனமான, லேசான இரும்பணுக்களின் விகிதத்தை அளந்தபோது, அந்த இரும்பும் கடல்நீர் ஊறிய பாறையிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று தெரியவந்தது. இரண்டுமே மூழ்கிய கடலடியின் பிள்ளைகள். எனக்கு இதுதான் மொத்த விவகாரத்திலும் சுவாரசியமான இடம்.

மூன்றாவது கல்லின் கதை சின்னது. பிரேசிலின் ஜுயினா ஆற்றுச் சரளையில் கிடைத்தது. அகலம் 3 மில்லிமீட்டர். ஆய்வாளர்கள் அதைச் சுமார் 20 டாலருக்கு வாங்கினார்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு ரிங்வுடைட் இருந்தது. 410 முதல் 660 கிலோமீட்டர் வரையிலான மூடகத்தின் இடைப்பகுதியில், அதன் கீழ்ப்பாதியில் நிலைக்கும் தாது இது. அதுவரை விண்கற்களிலும் ஆய்வகத்திலும் மட்டுமே கண்டது. கிரஹாம் பியர்சன் குழு 2014இல் வெளியிட்ட அளவீட்டின்படி, அதன் எடையில் ஒரு சதவீதத்துக்கும் மேல் நீர், தாதுவின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்து கிடந்தது. ஆழத்தில் கடலே இருக்கிறது என்று செய்தித்தாள்கள் எழுதியது மிகை. அலையடிக்கும் கடல் ஒன்றும் அங்கே இல்லை.

ஆக, என் வரிசை இப்படி. கண்ணுக்கு ஹோப். விளைந்த விதத்துக்குக் குல்லினன் ரகம். உலோகத்தில் விளைந்த வைரம் என்பது நேரில் கண்டவர் யாருமில்லாத ஆழத்துக்குக் கிடைத்த நேரடிச் சாட்சி. ஆனால் ஒரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு பூமியின் உள்ளே என்ன இருக்கிறது என்று வாதாடச் சொன்னால், அந்த 20 டாலர் கல்லைத்தான் கையில் எடுப்பேன். நகைக்காரர் தோஷம் என்று ஒதுக்கும் புள்ளிதான் அதில் முழு மதிப்பு.